அடீனியத்தின் பருத்த அடியை மண்ணுக்கு மேலே கொண்டுவருவது எப்படி?

அடீனியத்தைப் பூவுக்காக வாங்கி வருவோம். கொஞ்ச நாளில் கண்ணெல்லாம் அதன் பருத்த அடித்தண்டு மேல்தான் இருக்கும். சகாராவுக்குத் தெற்கிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளரும் செடி இது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது அந்த அடியில்தான். தொட்டி மாற்றும்போதெல்லாம் சற்று உயர்த்தி நட்டால் அதன் வடிவம் வெளியே தெரியும்.

முதலில் கையுறை போடுங்கள். இது அரளிக் குடும்பம். வெட்டிய இடத்தில் கசியும் சாறு இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது; ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவியிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குழந்தையோ நாயோ பூனையோ கடித்துத் தின்றுவிட்டால், ஏதாவது ஆகிறதா என்று காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

படி 1: விதையில் முளைத்த செடியாகப் பாருங்கள். கிளையை வெட்டி வைத்து வளர்த்ததும் நன்றாகப் பூக்கும், ஆனால் அடி அவ்வளவு அழகாகப் பருக்காது.

படி 2: வெயில் காலத்தில், சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுச் செடியை எடுங்கள். மண்ணை உதிர்த்து, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகிய வேர்களையும் மேலே குறுக்கே ஓடும் மெல்லிய வேர்களையும் வெட்டுங்கள்.

படி 3: அவசரக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். வெட்டிய செடியை உடனே நடக்கூடாது. நிழலில், காற்றுப் படும் இடத்தில் 3 முதல் 7 நாள் அப்படியே கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் தோல் மாதிரி இறுக வேண்டும். ஈரமாக நட்டால் அழுகல் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். இத்தனை நாள் வேர் வெளியே இருந்தால் செத்துவிடாதா? சாகாது, சேமிப்புதான் இருக்கிறதே.

படி 4: மண் கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட் (லேசான வெள்ளைத் துகள்), பியூமிஸ் (நுரைபோன்ற எரிமலைக் கல்) அல்லது பருமணல். முன்பைவிட 2 அல்லது 3 செ.மீ. உயர்த்தி நடுங்கள். புதிதாக வெளியே வந்த தோல் வெயிலில் வெந்துபோகும். சில நாள் அரைநிழலில் வைத்து, அப்புறம் முழு வெயிலுக்கு மாற்றலாம்.

படி 5: ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். பிறகு மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும். 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் உள்ளே எடுத்துவிடுங்கள்.

அடியை அவ்வப்போது விரலால் அழுத்திப் பாருங்கள். மண் காய்ந்து அடியும் தளர்ந்திருந்தால் தாகம். தண்ணீர் ஊற்றினால் சில நாளில் இறுகிவிடும். மண் ஈரமாக இருந்தும் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். சரி, கையுறையை மாட்டுங்கள்: பிடுங்கி, நல்ல சதை தெரியும்வரை வெட்டி, மறுபடி காயவைக்க வேண்டியதுதான்.