பாடசாலை ரொக் நிகழ்ச்சிக்குப் போஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கம் ஒரு அச்சுக் கடையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, டியூஷன் வகுப்பு, மரண அறிவித்தல் என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். கொஞ்ச காலமாகப் பாடசாலைப் பிள்ளைகளும் வருகிறார்கள். "அண்ணா, எங்க ஸ்கூல்ல ரொக் ப்ரோக்ராம். குயீன் பாட்டு மட்டும்தான். போஸ்டர் ஒண்ணு வேணும்" என்று கேட்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கடன் வாங்கிய கிட்டாரில் விரல் தேயப் பழகியிருப்பார்கள். மண்டபத்தில் ஆள் இல்லாமல் போகக் காரணம் போஸ்டராக இருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடையிலேயே நடந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். குயீன் என்ற இங்கிலாந்து ரொக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கான நிகழ்ச்சி அது. முழுக் கறுப்புப் பின்னணி, நடுவில் அவர் முகம், முகத்துக்குக் கீழே 1946 – 1991, மேலே பெரிதாக "இசை அஞ்சலி". கணினியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்பினால், மரக்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாருப்பா தவறினது? எந்தத் தோட்டம்?"

அந்த அம்மா சரியாகத்தான் வாசித்தார். நம் ஊர்ச் சுவர்களில் கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு முகம், இரண்டு வருடங்கள், அஞ்சலி என்ற சொல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான். ஆங்கிலத்தில் ட்ரிபியூட் என்ற சொல் மரியாதை, பாராட்டு, நன்றி என எல்லாவற்றையும் தாங்கும். தமிழில் அஞ்சலி என்று எழுதியதும் சாவு வீடுதான் நினைவுக்கு வரும். "இசைச் சமர்ப்பணம்" என்று போடலாம். அதைவிட நல்லது, நடக்கப்போவதை நேராகச் சொல்லிவிடுவது: "குயீன் பாடல்கள், நம் பிள்ளைகளின் குரலில்." பிறந்த, இறந்த வருடங்கள் போஸ்டருக்கு வேண்டாம், மேடையில் அறிவிப்பாளர் சொல்லட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. வெளிநாட்டுக் குழுவின் பெயர் அரைப் பக்கம், பாடப்போகும் பிள்ளைகளின் குழுப் பெயர் அடியில் எறும்பு அளவு. ஏழாம் வகுப்பு மகனின் அப்பா குயீனுக்காக வரமாட்டார், மகன் ட்ரம் அடிப்பதைப் பார்க்கத்தான் வருவார். பிள்ளைகளின் குழுப் பெயரைத் தயங்காமல் பெரிதாகப் போடுங்கள். குழு யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரிக் கதையும் உதவும். ஃப்ரெடி மெர்க்குரி சின்ன வயதில் இந்தியாவின் பஞ்ச்கனி என்ற மலை ஊரில் விடுதிப் பாடசாலையில் படித்தவர். 1958ஆம் ஆண்டளவில் வகுப்புத் தோழர்களோடு அங்கேயே ஒரு இசைக் குழு தொடங்கினார். மலைநாட்டுப் பாடசாலைப் போஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே கிடைக்கும்?

அப்புறம் தமிழ் எழுத்து. இதில்தான் அதிகம் கெடுகிறது, எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். ஃபோட்டோஷொப்பில் சரியான தெரிவைப் போடாமல் யுனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். "மேடை" என்ற சொல்லில் ம-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். "கொ" போன்ற எழுத்துகள் துண்டு துண்டாகும். எழுத்துக்கான அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கிறது, புதிய பதிப்புகளில் அதற்கு வேர்ல்ட் ரெடி என்று பெயர். அதைப் போட்டுவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் தட்டச்சு செய்து பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் இந்தச் சிக்கல் வராது, ஆனால் வேறொன்று வரும். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல்தான் தெரியும், ஏனென்றால் பாமினியில் புள்ளி இருப்பதே அரைப்புள்ளி விசையில். எதில் செய்தாலும் கடைக்குக் கொடுக்குமுன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

ரொக் என்றதும் எழுத்து உடைந்து, கீறி, தேய்ந்து இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். தமிழ் தாங்காது, காரணம் புள்ளி. மோட்டர்ஹெட் குழு தன் பெயரில் ஓர் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தது அழகுக்கு மட்டும்தான், எடுத்துவிட்டாலும் பெயர் அதேதான். நம் புள்ளி அப்படி இல்லை. கீறல் வேலைப்பாடு புள்ளியைத் தின்றுவிட்டால் "ரொக்" என்பது "ரொக" ஆகிவிடும், "பாட்டு" என்பது "பாடடு" ஆகிவிடும். தடித்த வெளிக்கோடு போடுவதிலும் இதே ஆபத்து: ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைபட்டு, தூரத்திலிருந்து ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும். கீறலைப் பின்னணியில் வையுங்கள், எழுத்தைத் தொடாதீர்கள். பாலு தம்பி, கட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்களிலேயே தடித்த, துணிச்சலான தமிழ் கிடைக்கிறது.

வளைந்து உருகும் எழுத்தை விரும்புகிறவர்கள் 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ் வில்சன் வரைந்த போஸ்டர்களைக் காட்டுவார்கள். அவை அற்புதமானவை, மறுக்கவில்லை. ஆனால் நின்று நிதானமாகப் புதிர் அவிழ்க்கும் கூட்டத்துக்காக அவர் வரைந்தார். பொகவந்தலாவை பஸ் புறப்படப் போகிறது, ஜன்னல் பக்கம் இருப்பவருக்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். அவருக்கு ஏற்றது 1969 வுட்ஸ்டொக் இசை விழாப் போஸ்டரின் வழி. ஆர்னல்ட் ஸ்கொல்னிக் அதில் செய்தது இவ்வளவுதான்: சிவப்புப் பின்னணி, ஒரு கிட்டார் கழுத்து, அதைப் பிடித்த கை, மேலே ஒரு வெள்ளைப் பறவை. எல்லாம் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற பெரிய வடிவங்கள். பெயர்ப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குல உயரம். தலைப்பு, திகதி, இடம் மூன்றையாவது அதில் அளந்து பாருங்கள்.

படங்களில் ரசிகர்கள் கண்டுபிடிக்கும் தவறுகள் வேறு. இடப் பக்கம் பார்க்கும் படத்தை வலப் பக்கம் திருப்பினால் என்ன என்று தோன்றும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், போல் மெக்கார்ட்னி, கர்ட் கோபேன் மூவரும் இடக்கையால் கிட்டார் வாசித்தவர்கள். படத்தைத் திருப்பினால் அவர்களை வலக்கைக்காரர் ஆக்கிவிடுவீர்கள். அதேபோல ஃப்ரெடி மெர்க்குரியின் மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டு "லைவ் எய்ட்" என்று எழுதுவார்கள். 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அவர் அணிந்தது வெள்ளை பனியனும் ஜீன்ஸும். மஞ்சள் ஜக்கெட் 1986 சுற்றுப்பயணத்தில் வந்தது. செயற்கை நுண்ணறிவில் படம் எடுத்தால் கிட்டார் தந்திகளை எண்ணுங்கள், சாதாரணமாக ஆறு இருக்க வேண்டும், பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் நாலு.

கூகுளில் கிடைத்த புகைப்படமும் குழுக்களின் சின்னமும் யாரோ ஒருவருடைய உழைப்பு. ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னத்தை 1970இல் வரைந்த ஜோன் பாஷ் அப்போது ஒரு கலை மாணவர், முதலில் கிடைத்த கூலி 50 பவுண். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சித்திரம் நன்றாக வரையும் பிள்ளை இல்லாத வகுப்பு உண்டா? ஃப்ரெடி மெர்க்குரியின் அடித்தளம் இல்லாத அந்த அரை மைக் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்த ஒரு நிழல் உருவத்தை வரையச் சொல்லுங்கள். முகமே தேவையில்லை, பார்த்தவுடன் ஆளைத் தெரியும்.

விபரங்களில் நம் பக்கம் எல்லோரும் மறப்பது நிகழ்ச்சி முடியும் நேரம். ஆரம்பம் பி.ப. 3.00 என்று மட்டும் போட்டால், மஸ்கெலியாவுக்கு மேலே தோட்டத்திலிருந்து வரவேண்டிய அம்மா கடைசி பஸ்ஸை நினைத்துப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார். "மாலை 5.30க்கு முடிவடையும்" என்ற ஒரு வரி ஒரு லயத்து ஆட்களையே கூட்டிக்கொண்டு வரும். திகதியும் கிழமையும் பொருந்துகிறதா, அன்று போயா (பௌர்ணமி விடுமுறை) நாளா என்று கலண்டரைப் பார்த்துவிடுங்கள். தொடர்புக்கு ஆசிரியர் ஒருவரின் இலக்கத்தை, அவரிடம் கேட்டுப் போடுங்கள். பிள்ளைகளின் இலக்கம், அதிலும் பெண் பிள்ளைகளின் இலக்கம், பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒருபோதும் வரக் கூடாது. சிங்களத்திலும் போடுவதாக இருந்தால் போன் மொழிபெயர்ப்பை நம்பாமல், சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பில் அடர் சிவப்பு எழுத்து ரொக் போஸ்டர்களில் வழக்கம். ஆனால் வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் கறுப்பாவது சிவப்புதான். மூடுபனி இறங்கும் நாலரை மணிக்கு அந்த எழுத்து சுவரோடு போய்விடும். கறுப்பே வேண்டுமென்றால் எழுத்து மஞ்சளிலோ வெள்ளையிலோ இருக்கட்டும். திரையில் மின்னும் நியோன் பச்சையும் ஊதாவும் அச்சு மையில் மங்கித்தான் வரும். மழையையும் கணக்கில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை ஒரு சாரலிலேயே வழிந்துவிடும், லேசர் அச்சு கொஞ்சம் தாங்கும். வெளியே ஒட்டுபவற்றுக்கு லேமினேட் செய்வது நல்லது, காசு போதாவிட்டால் கடைகளிடம் கேட்டுக் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டுங்கள்.

கோப்பை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டு வாருங்கள். ஏ3 அளவுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீற்றர் பின்னணியை நீட்டி விட்டால், வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு வராது.

நூறு பிரதி அடிக்கச் சொல்லுமுன் ஒன்றே ஒன்று அடித்து, கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். ரோட்டைத் தாண்டி நின்று, உங்கள் நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, என்ன, எப்போது, எங்கே என்று வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் அவரையே கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம்.