கச்சான் காற்றுக்கும் மாரி மழைக்கும் நடுவே ஒரு வாசிப்பு மூலை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் யன்னலைத் திறந்துவிட்டு, "இங்கே இருந்து புத்தகம் வாசிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்பார்கள். மார்கழியில் வந்து என் புத்தக அலுமாரியைத் திறந்து பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

நான் வீட்டில் இருந்தே தையல் வேலை செய்கிறவள். பகல் இரண்டு மணிக்கு மேல் மெஷினுக்கு ஓய்வு, எனக்கு வாசிப்பு. அதற்கென்று நான் அமைத்த முதல் மூலை படுதோல்வி. வாவி தெரியும் என்ற ஒரே ஆசையில் மேற்கு யன்னலோரம் கதிரையைப் போட்டேன். வைகாசி பிறந்ததும் தென்மேற்குக் கச்சான் காற்று வீசத் தொடங்கியது. தாள்கள் தாமாகவே புரண்டன, பல்லில் மணல் கடிபட்டது, மூன்று மணிக்குச் சுவர் தோசைக்கல்லாகக் கொதித்தது. வாவிக்குப் பேர்போன பாடும் மீன் கேட்குமாக்கும் என்றும் நினைத்திருந்தேன். கேட்டது பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார்.

சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும் படும் கரையைப் படுவான்கரை என்றும் வெயிலை வைத்தே பெயர் சொல்லும் ஊர் இது. மூலை தேடும்போது மட்டும் அந்த வெயிலை மறந்துவிடுகிறோம். ஆகவே முதல் வேலை எதையும் வாங்குவதில்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் உண்மையில் வாசிக்கும் நேரத்தில், இரண்டு மூன்று நாள் வீட்டின் ஒவ்வொரு பக்கமாக இருந்து பாருங்கள். நான் அப்படித் திரிந்தபோது மாமி, "என்ன பிள்ளை, யாருக்கு ஆசனம் தேடுகிறாய்?" என்று கேட்டார். பிற்பகலில் வாசிப்பவருக்குக் கிழக்கு யன்னல் நல்லது. வெயில் அந்நேரம் மறுபக்கம் போயிருக்கும். காலையில் வாசிப்பவருக்கு மேற்கு. வடக்கு யன்னலில்தான் எப்போதும் இதமான வெளிச்சம் வரும் என்று பத்திரிகைகளில் எழுதுவது குளிர்நாட்டுக் கணக்கு. மட்டக்களப்பில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு வடக்கு யன்னலுக்கும் திரைச்சீலை தேவைப்படும்.

விறாந்தையில் போடலாமே என்பீர்கள். வாடைக்காற்றோடு வரும் மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எங்கள் விறாந்தை பாதிவரை நனையும். கிழக்கு யன்னலிலிருந்தும் மூன்று அடி தள்ளியே கதிரை இருக்கட்டும். இன்னொன்று, படலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பாருங்கள். சட்டைத்துணியோடு வருகிறவர்கள் கையில் புத்தகத்தோடு என்னைக் கண்டால், வேலையில்லாமல் இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். துணி வெட்டிக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் பொறுத்திருப்பார்கள். வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

கதிரை புதிதாக வேண்டாம். எங்கள் வீட்டில் மாமாவின் பழைய சாய்மனைக் கதிரை கிடந்தது. அது நித்திரைக்குச் செய்த சாமான். ஐந்தாம் பக்கத்தில் கண் செருகும். முதுகுக்கு ஒரு திண்டு கொடுத்து நிமிர்த்தியதும் வாசிப்புக்கு வந்தது. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், புத்தகம் கண்ணிலிருந்து ஒன்றேகால் அடி தூரத்தில் நிற்க வேண்டும். தரையில் இருந்து பழகியவர்கள் பன்பாயை விரித்துச் சுவரோரம் திண்டு வைத்தாலே போதும். வெக்கைக்கு அதைவிடச் சுகம் இல்லை.

திண்டுக்கு உறை தைப்பது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். துணிக்கு மருதமுனைக் கைத்தறி எடுங்கள். பருத்தி, வியர்வையை உறிஞ்சும். வாங்கியவுடன் கத்தரிக்கோலைத் தூக்காதீர்கள். ஒரு இரவு நனைய விட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் உறை சுருங்கித் திண்டு பிதுங்கி நிற்கும். 18 அங்குலச் சதுரத் திண்டுக்கு 43 அங்குல நீளமும் 19 அங்குல அகலமும் கொண்ட ஒரே துண்டு போதும். அகலப்பக்க ஓரங்கள் இரண்டையும் ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். நீளம் 41 ஆகும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, அந்த இரண்டு ஓரங்களும் நடுவில் 5 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு மடித்தால் 18 அங்குல உயரம் சரியாக வரும். திறந்திருக்கும் இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்துப் புரட்டுங்கள். வாய் தானாகவே மூடிக்கொள்ளும், சிப் தேவையில்லை. உலோகச் சிப் கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் மண்ணிறக் கறை விடும். என்னிடம் திருத்த வரும் உறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் வருத்தம். உள்ளே இலவம்பஞ்சு என்றால் வெயில் கண்ட நாட்களில் காயவைத்துத் தட்டிவிடுங்கள். மாரியில் கட்டி பிடிக்கும்.

வெளிச்சம் சிறிய வேலை. 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று, தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழட்டும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருந்தால் இளமஞ்சள், 6500 என்றால் வெள்ளை. வெள்ளையில் எனக்கு மருந்துக்கடையில் இருப்பது போல் இருக்கும். சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். 2022இல் மின்வெட்டோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இனிப் புத்தகத் தட்டு. எங்கள் பக்கத்தில் மூலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நான் முதலில் வாங்கியது சிப்போர்ட் அலுமாரி. பார்க்க லட்சணம், விலையும் மலிவு. இரண்டாவது மாரியில் அடிப்பலகை ஊறிப் பாண் மாதிரிப் பொங்கியது. அதைச் சுவரோடு ஒட்டி வேறு வைத்திருந்தேன். தை மாதம் இழுத்துப் பார்த்தால், சுவரிலிருந்து பின்பலகைக்குக் கறையான் மண்பாதை போட்டிருந்தது. ஒரு தடித்த நாவலைத் தூக்கினேன். அட்டை இரண்டும் கையோடு வந்தன, நடுவில் கதை இல்லை.

அடுத்ததை வேப்பம் பலகையில் ஓடாவியிடம் சொல்லிச் செய்வித்தேன். முக்கால் அங்குலக் கனப் பலகை என்றால் தாங்கு இல்லாமல் இரண்டரை அடிக்கு மேல் நீளம் விடாதீர்கள், பாரத்தில் வளையும். ஆழம் பத்து அங்குலம் தாராளம். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரட்டும். படுவான்கரையில் இருக்கும் என் தங்கை 2011 ஜனவரி வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மண்வெட்டியால் அள்ளி எறிந்தாள். சுவருக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். மழையில் ஊறிய சுவரின் ஈரம் புத்தகத்துக்கு ஏறாது, கறையானுக்கும் வழி கிடையாது. கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய பேணிகளில் நிறுத்தியிருக்கிறேன். அழகில்லைதான், நான் தைத்த ஒரு துணி மறைப்பு முன்னால் தொங்குகிறது.

புத்தகங்களை நெருக்கி அடுக்காமல், ஒரு விரல் நுழையும்படி விடுங்கள். பொலித்தீன் உறை போடாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். மண்ணிறத் தாள் போதும். காய்ந்த வேப்பிலை வைப்பது மாமியின் வைத்தியம், நானும் வைக்கிறேன். ஆனால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். பாதி காய்ந்த இலையே பூஞ்சணத்தைக் கூட்டிவரும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் திறந்த தட்டில் வீண். இறுக மூடும் தகரப்பெட்டிக்குள் போட்டால்தான் பயன், முக்கியமான புத்தகங்களை நான் அப்படித்தான் வைக்கிறேன். பூச்சி உருண்டை வாடையில் எனக்குத் தலையிடி வரும், வைப்பதில்லை.

பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அது தாளுக்குள் இறங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தி நன்றாக உலரவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வெளியே வளவில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். நேர் வெயிலில் போட்டால் அட்டை அப்பளம் போலச் சுருளும்.

குடிக்க ஒரு பிளேன்டி, கொறிக்கக் கச்சான் கடலை. தோலை எங்கே போடுவது என்று முன்கூட்டியே யோசித்து ஒரு பனையோலைப் பெட்டி வையுங்கள். எறும்பு வந்தால் பேணி எண்ணெய் தட்டை மட்டும்தான் காக்கும், கதிரையை அல்ல. நூலகப் புத்தகம் எடுப்பவர்கள் அதைச் சொந்தப் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கும் முன் நடுத்தையலைத் தட்டிப் பாருங்கள். வெள்ளிப்பூச்சி பசை மணத்துக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி, தட்டின் பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்து, எண்ணெய் மாற்றி, புது வேப்பிலை வைத்து மறுபடி அடுக்குவேன். இரண்டு மணி நேர வேலை. நான் இடையில் திறந்து பார்க்கும் புத்தகங்களால் அது மாலைவரை இழுபடும்.