மல்டிமீட்டரை நம்பிக் கெட்ட கதை: பழைய ஹைபிரிட் காரில் பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் வந்து போனில் ஒரு படம் காட்டினார். அவருடைய காரின் பின் இருக்கை கழன்று கிடக்கிறது, பேட்டரிப் பேக் மூடியில்லாமல் தரையில் இருக்கிறது. "அண்ணே, ஒரே ஒரு மாட்யூல்தான் போயிருக்கு. மத்த 27-ம் 7.8 வோல்ட் காட்டுது. அந்த ஒண்ணை மாத்திட்டா முடிஞ்சுது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட இதே எண்களோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் வந்து கேட்டவர்களில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கையுறை போடுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. 200 வோல்ட் பெட்டியில் கை வைக்கப்போகிறவருக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால், அவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

பேச்சு வசதிக்காக 2004 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அதில் 28 மாட்யூல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, ஆக பெயரளவில் 7.2 வோல்ட் (சார்ஜ் ஏறியிருந்தால் மீட்டரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்). எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்தால் 201.6 வோல்ட். வேறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்குகளில் எண்ணிக்கை மாறும், சமாச்சாரம் ஒன்றுதான்.

## சர்வீஸ் பிளக்கை உருவியதும் பேட்டரி அடங்கிவிட்டது என்று நினைப்பது

வேலைக்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்க பேக்கில் ஆரஞ்சுப் பிடியுள்ள ஒரு பிளக் இருக்கும். அதை உருவினால் மாட்யூல் சங்கிலி ஓரிடத்தில் அறுகிறது, அவ்வளவுதான். வண்டிப் பக்கம் போகும் கேபிள்களில் மின்சாரம் நிற்கும். அதுவும் உடனே அல்ல, இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக வண்டியைப் பொறுத்து ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். ஆனால் பேக்குக்குள்ளே? சங்கிலி இரண்டு துண்டாகி, இரண்டு துண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. பேட்டரிக்கு சுவிட்ச் கிடையாது. மூடியைத் திறந்த நிமிடத்திலிருந்து மாட்யூல்களை இணைக்கும் உலோகப் பட்டைகளில் (பஸ் பார்) கடைசியைக் கழற்றும் வரை கையுறை கையில்தான் இருக்க வேண்டும். பிளக்கை எடுத்ததும் கையுறையையும் கழற்றி வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பிளக்கை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வந்தவர் ஆர்வக்கோளாறில் திருப்பிச் செருகாமல் இருக்க வேண்டுமே.

## 12 வோல்ட் பேட்டரியை மறப்பது

ஹைபிரிட்டில் கணினிகளை எழுப்புவது அந்தச் சின்ன பேட்டரிதான். அது தளர்ந்தால் டேஷ்போர்டு கார்த்திகை தீபம் மாதிரி எரியும். பெரிய பேட்டரியைத் தொடும் முன் இதைச் சோதியுங்கள்.

## ஒரே ஒரு மாட்யூலை மாற்றுவது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும்.

நடப்பது எப்போதும் இப்படித்தான். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கான சிவப்பு முக்கோணம் எரிகிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வருகிறது, அதாவது பேக்கை மாற்று என்கிறது. கூடவே பி3011 முதல் பி3024 வரையிலான குறியீடுகளில் ஒன்று வந்து எந்த பிளாக் பலவீனம் என்று காட்டிக்கொடுக்கிறது. (கணினி மாட்யூல்களை இரண்டிரண்டாகத்தான் பார்க்கிறது, அதனால் 28 மாட்யூலுக்கு 14 பிளாக்.) பேக்கைத் திறக்கிறோம். மல்டிமீட்டரை வைக்கிறோம். எல்லாம் 7.8 காட்ட, ஒன்று மட்டும் 6.5 காட்டுகிறது. ஒரு செல் செத்துவிட்டது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்!

பழைய மாட்யூல் ஒன்றை எங்கிருந்தாவது வாங்கி, அதுவும் 7.8 காட்டுகிறதா என்று பார்த்துப் போடுகிறோம். விளக்கு அணைகிறது. வண்டி ஓடுகிறது. நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொள்கிறோம். இந்தத் தவறின் கெட்ட குணமே இதுதான், செய்தவுடன் அது வெற்றி போலத் தெரியும்.

எனக்கு நான்கு மாதம் தாக்குப்பிடித்தது. அப்புறம் வேறொரு பிளாக். அதை மாற்றினேன், ஆறு வாரம். மூன்றாவது முறை இரவில், மேட்டுச் சாலையில், வீட்டில் எல்லோரும் வண்டிக்குள் இருக்கும்போது முக்கோணம் எரிந்தது. அன்றைக்கு யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் இன்றைக்கும் மறக்கவில்லை. இருந்தும் புத்தி வரவில்லை, இன்னும் இரண்டு முறை மாற்றினேன். ஐந்தாவது முறை பின் இருக்கையின் போல்ட்களைப் பார்க்காமலே கழற்றும் அளவுக்குக் கை பழகியிருந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். சும்மா இருக்கும் மாட்யூலின் வோல்டேஜ் அதன் கொள்ளளவைச் சொல்லாது. பெரிய குடத்திலும் சின்னச் சொம்பிலும் விளிம்பு வரை தண்ணீர் இருந்தால், எட்டிப் பார்க்கிறவருக்கு இரண்டும் நிறைந்துதான் தெரியும். புதிதாக இருந்தபோது 6.5 ஆம்பியர் ஹவர் பிடித்த மாட்யூல், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதில் பாதியைக்கூடப் பிடிக்காமல் போகலாம். மல்டிமீட்டரில் அப்போதும் 7.8 காட்டும். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தப்பான கேள்வி கேட்கிறோம்.

வரிசையில் கோத்த மாட்யூல்கள் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகிறது. மற்றவை இன்னும் தள்ளிக்கொண்டிருப்பதால், காலியான செல்லுக்குள் மின்னோட்டம் வலுக்கட்டாயமாக ஓடி அதன் துருவமே தலைகீழாகிறது. பிரேக் பிடிக்கும்போது அதே மாட்யூல்தான் முதலில் நிரம்புகிறது. நிரம்பியபின் வரும் மின்சாரம் சூடாக மாறுகிறது, உள்ளே வாயு சேர்கிறது, வால்வு திறந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. ஆக, ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு இறக்கத்திலும் பலவீனமானது இன்னும் பலவீனமாகிறது.

இப்போது நீங்கள் அதில் மிகப் பலவீனமானதை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்றைப் போடுகிறீர்கள். அதுவரை இரண்டாவது இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வருகிறது. எல்லாமே ஒரே நாளில் தயாராகி, ஒரே சூட்டில் வெந்து, ஒரே தூரம் ஓடியவை. ஒன்று போய்விட்டது என்றால் மற்ற 27-ம் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். பேக்கின் நடுவில் இருப்பவை அதிகம் சூடாவதால் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

சரி, சில சமயம் வேறு வழியில்லை, வண்டியை விற்கும் வரையோ பணம் சேரும் வரையோ ஓட்டியாக வேண்டும் என்கிறீர்களா? அப்படியென்றால் குறைந்தபட்சம் ஒழுங்காகச் சோதியுங்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு நிமிடம் எரியவிட்டு, வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று 28-க்கும் எழுதுங்கள். மற்றவற்றைவிட அதிகம் இறங்குவதெல்லாம் அடுத்து போகப்போகிறவை. இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமா? ரிமோட் பொம்மைகளின் பேட்டரிகளுக்கு வாங்கும் ஹாபி சார்ஜரில் நிரப்பி, 6 வோல்ட் வரை இறக்கி, உண்மையில் எத்தனை ஆம்பியர் ஹவர் வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். இப்படி மூன்று சுற்று. ஒரே சார்ஜர் வைத்துக்கொண்டால் 28 மாட்யூலுக்கு வாரக்கணக்கில் ஆகும். சார்ஜ் ஏற்றும்போது மாட்யூல்களைப் பக்கப் பலகைகளுக்கு நடுவே இறுக்கித்தான் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தலையணை மாதிரி உப்பிவிடும். உப்பியதைத் திரும்பப் பேக்குக்குள் நுழைக்க முடியாது. முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

இத்தனை உழைப்பையும் போட்டு முடித்தால், பழைய பேக் ஒன்று கொஞ்சம் சமநிலைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். வண்டியை இன்னும் சில வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 28-ஐயும் புதிதாகப் போடுங்கள். நான் ஐந்து முறை செலவழித்ததைக் கூட்டிப் பார்த்த காகிதம் இன்னும் கருவிப்பெட்டியில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை, வீட்டில் உள்ளவர்களுக்குக் குறிப்பாக.

## விசிறியைச் சுத்தம் செய்யாமல் புதிய பேக்கைப் பூட்டுவது

பழைய பேக் ஏன் செத்தது என்று கேட்காமலே புதியதைப் போடுகிறார்கள். பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். வண்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக இழுத்துத்தான் பேட்டரி குளிர்கிறது. அங்கே பையை வைப்பது, இருக்கை உறையால் மூடுவது, நாயைப் படுக்கவைப்பது எல்லாம் நடக்கும். ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். இறக்கைகளுக்கு நடுவே கம்பளி போல முடியும் தூசியும் அடைத்திருந்தது. அந்த விசிறி சுற்றும், சத்தமும் போடும், காற்று மட்டும் போகாது.

பேக் வெளியே இருக்கும்போது விசிறியைக் கழற்றித் துடைக்க அரைமணி நேரம் போதும். திருப்பிப் பூட்டும்போது காற்றுக் குழாய்களின் கிளிப்புகள் எல்லாம் பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழாய் விலகியிருந்தால் காற்று பேட்டரிக்குப் போகாமல் டிக்கிக்குள் வீணாகும். பேக்குக்கு அடியில் செருகும் வெப்ப சென்சார்களையும் மறந்துவிடாதீர்கள்.

## நட்டுகளைக் கை பலத்தில் முறுக்குவது

பஸ் பார் நட்டுகளுக்கான அளவு 5.4 நியூட்டன் மீட்டர். வீல் நட்டு முறுக்கிப் பழகிய கைக்கு இது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அதனால்தான் இன்னும் கொஞ்சம் என்று முறுக்குகிறோம். பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும் முனை பிய்ந்துகொண்டு வரும். நல்ல மாட்யூல் ஒன்று அந்த நொடியில் குப்பை. தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், மின்தடை கூடி அந்த இடம் சூடாகும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பஸ் பார்களில் பச்சைப் படிவம் இருந்தால் வினிகரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். வோல்டேஜ் பார்க்கும் மெல்லிய கம்பிகளின் முனைகளிலும் அதே படிவம் இருக்கும், அதை விட்டுவிட்டால் நல்ல பேட்டரியையே கணினி கெட்டது என்று சொல்லும்.

## 12 வோல்ட்டைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்துவது

பூட்டு மின்சாரத்தில் வேலை செய்வது. உள்ளே தவழ்ந்து போய்த் திறந்தேன்.

## சர்வீஸ் பிளக்கை இரண்டே அசைவில் மாட்டுவது

எல்லாம் பூட்டியாயிற்று, ஆனால் வண்டி ரெடி ஆகவில்லை. மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கும் முன் பிளக்கின் பிடியைப் பாருங்கள். செருக வேண்டும், பிடியைத் திருப்ப வேண்டும், அப்புறம் பிடியை ஒரு சறுக்கு சறுக்கிப் பூட்ட வேண்டும். அந்த மூன்றாவது அசைவு இல்லாவிட்டால், பிளக் பூட்டியாயிற்று என்று கணினிக்குச் சொல்லும் இன்டர்லாக் சேராது. எனக்கு இது தெரியவந்தபோது பேக் மறுபடி தரையில் கிடந்தது.

## பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுவது

அழித்தால் விளக்குதான் அணையும்.

## கிலோமீட்டரைப் பார்த்துப் பழைய பேக் வாங்குவது

"வண்டி ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வகை பேட்டரிக்கு ஓட்டத்தால் மட்டுமல்ல, நாளாலும் வயதாகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மாட்யூல்கள் தாமாகவே ஆளுக்கொரு வேகத்தில் சார்ஜ் இழந்து ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். கேட்க வேண்டியது தயாரிப்புத் தேதியை, அப்புறம் மாட்யூல் வாரியாக அளந்த கொள்ளளவை. இரண்டையும் சொல்ல முடியாதவரிடம் பேரம் பேசிப் பயனில்லை.

## நிக்கல் பேக்கில் லித்தியம் மாட்யூலைக் கலப்பது

கூடாது.

## பழையதைக் கொட்டகையில் போட்டு வைப்பது

முழுப் பேக் சுமார் 40 கிலோ, அதனால் ஒரு மூலையில் இறக்கி வைத்தால் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருப்பது தோலை அரிக்கும் காரம், முனைகளில் இன்னும் மின்சாரம் இருக்கிறது. நிக்கலுக்கு மதிப்பு உண்டு என்பதால் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். புதியது விற்கும் பலர் பழையதைத் திரும்பக் கேட்பதும் அதற்காகத்தான். பஸ் பார்களைக் கழற்றி, முனைகளை டேப் போட்டு மூடி ஒப்படையுங்கள்.

என் பழைய மாட்யூல்களில் நாலைந்து இன்னும் அலமாரியில் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுக்கத்தான் சோம்பல். அந்தத் தம்பி அதில் ஒன்றை எடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். 7.8 காட்டியது. "இதைக் கொடுங்களேன் அண்ணே" என்றார். கொடுக்கவில்லை.