டோபமைன் கண்ணுக்குள்ள என்ன பண்ணுது? எல்லாரும் சறுக்குற எடங்கள்

டோபமைன்னதும் லைக் விழுந்தா சந்தோஷம், ரீல்ஸ் அடிக்ஷன், அந்தக் கதைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதே நெனப்போட ரெட்டினா (கண்ணுக்குள்ள வெளிச்சத்த உணர்ற படலம்) பக்கம் வந்தா ஆரம்பத்துலயே சறுக்கிடுவீங்க. இங்க சந்தோஷத்துக்கு வேலையே இல்ல, இருட்டுக்குன்னு செட் ஆகியிருக்குற வயரிங்க வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதான் டோபமைனோட டியூட்டி.

இன்னொண்ணு, பார்த்த காட்சியையே டோபமைன்தான் செல்லுக்கு செல் கடத்துதுன்னு எழுதுறது. இல்லங்க, வெளிச்சத்தப் பிடிக்கிற ராட், கோன் செல்கள்லேருந்து நடுவுல இருக்குற பைபோலார் செல், அங்கேருந்து மூளைக்கு சிக்னல் அனுப்புற கேங்லியான் செல்னு போற மெயின் ரூட்டுல ஓடுறது குளூட்டமேட்ங்கிற வேதிப்பொருள். அதுவும் ராடும் கோனும் இருட்டுலதான் அதை அதிகமா விடும், வெளிச்சம் பட்டா கொறைச்சிடும் (இதையும் தலைகீழா எழுதுறவங்க ஏராளம்). டோபமைன விடுறது அமாக்ரின்ங்கிற இடைச் செல்கள்ல ஒரு சின்ன குரூப் மட்டும்தான், எண்ணிக்கை ரொம்பக் கம்மி, ஆனா விட்டது சினாப்ஸ்லயே (ரெண்டு செல் சிக்னல் கைமாத்துற சந்திப்பு) நிக்காது, அப்படியே பரவி ராட், கோன் வரைக்கும் போயிடும். அதனால சினாப்ஸ் தெரியல, அப்ப இந்த செல்லுக்கு டோபமைன் சம்பந்தமில்லன்னு முடிவு கட்டாதீங்க, டோபமைன பிடிக்கிற ரிசெப்டர் இருக்கான்னு பாருங்க.

பெரிய தப்பு எதுன்னா டோபமைன் வந்தா கனெக்ஷன் ஸ்ட்ராங் ஆகும்னு நெனைக்கிறது. நெஜத்துல பல எடத்துல அது பிரிச்சுதான் விடுது. பக்கத்து பக்கத்து செல்லுங்க கேப் ஜங்ஷன்ங்கிற நுண்துளைங்க வழியா நேரடியா ஒட்டிக்கிட்டு இருக்கும், 1980கள்ல மீன், ஆமை ரெட்டினால ராட் கோன்கள பக்கவாட்டுல இணைக்கிற ஒரு ஹரிசான்டல் செல்லுக்குள்ள சாயம் ஏத்திப் பாத்தாங்க, சும்மா விட்டா சாயம் அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் பரவிச்சு, டோபமைன் குடுத்தா கிட்டத்தட்ட அந்த ஒரு செல்லோட நின்னுடுச்சு. மங்கலான வெளிச்சத்துல செல்லுங்க ஒட்டிக்கிட்டா கொஞ்சூண்டு சிக்னலையும் சேத்து இரைச்சல கொறைக்கலாம், நல்ல வெளிச்சத்துல பிரிஞ்சாதான் விவரம் தெளிவா வரும். ஆனா அப்ப கும்மிருட்டுல ஒட்டுதல் உச்சத்துல இருக்கும்னு நீட்டிடாதீங்க, முயல்ல ஏ-2ங்கிற வகை அமாக்ரின் செல்லுங்க முழு இருட்டுலயும் கம்மியாதான் ஒட்டியிருக்கு, மங்கல் வெளிச்சத்துலதான் கூடுது.

எனக்கே ரொம்ப நாள் கொழப்புனது ரிசெப்டர் கணக்கு. ஏ-2 செல்லுல வேலை செய்யுற டி1 ரிசெப்டர் செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கிற தூது மூலக்கூற ஏத்தும், ராட் கோன்ல இருக்குற டி4 அதை எறக்கும், அப்ப ரெண்டும் எதிரெதிரா வேலை செய்யணுமேன்னுதான் தோணும், ஆனா கடைசில ரெண்டு எடத்துலயும் ஒட்டுதல் கொறையத்தான் செய்யுது! எப்படின்னா இந்த கேப் ஜங்ஷன கட்டுற கனெக்ஸின் 36ங்கிற புரோட்டீன்ல பாஸ்பேட் ஏறுனா ஜங்ஷன் நல்லா தெறக்கும். ராட் கோன்ல சைக்ளிக் ஏஎம்பி எறங்குறதால அதால ஓடுற, பாஸ்பேட் ஏத்துற பிகேஏ என்சைம் அடங்கிடும், பாஸ்பேட் ஏறாது. ஏ-2 செல்லுல பிகேஏ ஏறத்தான் செய்யுது, ஆனா அது பிபி2ஏன்னு பாஸ்பேட்ட கழட்டுற இன்னொரு என்சைம தட்டி எழுப்பிடுது. பிகேஏ வந்தா பாஸ்பேட் ஏறும்னு மனப்பாடம் பண்ணவங்க மாட்டுற எடம் இதுதான். ஹரிசான்டல் செல்லுல கனெக்ஸின் வகையே வேற, இதே கணக்க அங்க கொண்டு போகாதீங்க.

கண்ணுக்கு டோபமைன் மாத்திரை சாப்பிடலாமான்னு கேக்காதீங்க, ரத்தத்துல இருக்குற டோபமைன் ரெட்டினாக்குள்ள போக அங்க இருக்குற தடுப்பு விடாது. பார்க்கின்சன்ஸ்ல எல்-டோபா குடுக்குறது அது இதே மாதிரி தடுப்ப தாண்டி மூளைக்குள்ள போய் டோபமைனா மாறுங்கிறதாலதான்.

அப்புறம் நேரம். வெளிச்சம் மட்டுமில்ல, ரெட்டினாக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுது, ராத்திரி மெலடோனின்ங்கிற ஹார்மோன் ஏறி டோபமைன அமுக்கிடும், பகல்ல டோபமைன் கை ஓங்கும். ராட் கோன் ஒட்டுதலும் இந்தக் கடிகாரப்படி ராத்திரில கூடுது. அதனால மருந்து சோதனைக்குன்னு ஒரு ரெட்டினாவ பகல்லயும் இன்னொண்ண ராத்திரிலயும் எடுத்து, ரெண்டையும் இருட்டு ரூம்லதான வெச்சேன், அப்ப ஒண்ணுதானன்னு ஒப்பிட்டா, வர்ற வித்தியாசம் நீங்க போட்ட மருந்தாலயா கடிகாரத்தாலயான்னு பிரிக்கவே முடியாது.