கார் வாங்கும் முன் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள்

சென்னை ஓஎம்ஆரில் வேலை, கையில் முதல் நல்ல சம்பளம். காரா, ஆபீஸ் பக்கத்தில் வீடா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,760 ரூபாய். வட்டி மட்டும் இரண்டரை லட்சத்தை நெருங்கும். கடன் முடிகிற நேரத்தில் இன்சூரன்ஸ் கணக்கிலேயே வண்டியின் மதிப்பு பாதியாகியிருக்கும். பெட்ரோல், சர்வீஸ் தனி.

அந்தத் தவணையில் பாதியை வாடகையில் கூட்டிக் கொடுத்தால் தரமணி, திருவான்மியூர் பக்கம் வீடு பார்க்கலாம். பறக்கும் ரயிலும் கிட்டத்தில். சோழிங்கநல்லூர் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்பதற்கா அவ்வளவு பெரிய கார்? ஊரில் மதிப்பாக இருக்கும் என்பதெல்லாம் சரி, தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

வாங்குவதுதான் என்றால், பார்க்கிங் எங்கே என்று வீட்டு ஓனரிடம் முதலில் கேளுங்கள். வேளச்சேரி மாதிரி தாழ்வான இடமென்றால் இன்னும் கவனம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் அங்கே மேம்பாலத்தில்தான் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டையும் பாலிசியோடு சேர்த்திருக்க வேண்டும். அப்புறம், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.