கிடைமட்ட மெனுவை நடுவில் நிறுத்தும்போது நேரும் தவறுகள்

இணையப் பக்கத்தின் தோற்றத்தை சிஎஸ்எஸ் கட்டளைகளால் அமைக்கும்போது மெனு நடுவுக்கு வராவிட்டால், இடப்பக்க மார்ஜினில் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியில்) ஏதோ ஒரு பிக்சல் அளவைக் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பவர்கள் அதிகம். அவரவர் திரையில் அது நடுவில் நிற்கும். திரையின் அகலம் மாறியதும் விலகிவிடும். அந்த வழிக்கே போகாதீர்கள். மெனுவைத் தாங்கும் பட்டியல் உறுப்பான யூஎல்லுக்குத் தற்காலிகமாக ஒரு பின்னணி நிறம் கொடுத்து, அந்தப் பெட்டி எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘மார்ஜின்: 0 ஆட்டோ’ ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது புரியும். அகலம் குறிப்பிடாத யூஎல், தாய்ப்பெட்டியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. இருபுறமும் பங்கிட இடமே மிஞ்சாதபோது ஆட்டோ எதைப் பங்கிடும்? கூடவே ‘விட்த்: ஃபிட்-கன்டென்ட்’ என்று எழுதினால் பெட்டி உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கி நடுவுக்கு வரும்.

பழைய பாடங்களைப் பின்பற்றி, பட்டியலின் உருப்படிகளான எல்ஐகளுக்கு அவற்றை இடப்பக்கம் மிதக்கவிடும் ‘ஃப்ளோட்: லெஃப்ட்’ கொடுத்தவர்கள், யூஎல்லில் ‘டெக்ஸ்ட்-அலைன்: சென்டர்’ எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். மிதக்கவிட்ட பெட்டிகளை அந்தக் கட்டளை நகர்த்தாது. ஃப்ளோட்டை எடுத்துவிடுங்கள், இன்றைக்கு மெனுவுக்கு அது தேவையே இல்லை.

யூஎல்லுக்கு ‘டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்’, ‘ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர்’ என்ற இரண்டு வரிகள் போதும். ஆனால் இவற்றை யூஎல்லைச் சுற்றியிருக்கும் நாவ் உறுப்புக்குக் கொடுத்துவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. ஃப்ளெக்ஸ் தன் நேரடிப் பிள்ளைகளை மட்டுமே அடுக்கும். நாவுக்குக் கொடுத்தால் யூஎல் நடுவுக்கு வரும். எல்ஐகள் ஒன்றன்கீழ் ஒன்றாகவே நிற்கும்.

எல்லாம் சரியாக எழுதியும் மெனு சற்று வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதா? கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இந்தப் பிழைதான் பலரை அலைக்கழிக்கிறது. பிரவுசர்கள் யூஎல்லுக்குத் தாமாகவே இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங் (பெட்டிக்கு உள்ளே விடும் இடைவெளி) வைக்கின்றன. அதனால் மெனு உண்மையான நடுவிலிருந்து 20 பிக்சல் தள்ளிப்போகிறது. புள்ளிகளை மறைக்க ‘லிஸ்ட்-ஸ்டைல்: நன்’ எழுதுவதால் இந்த இடைவெளி போகாது. ‘பேடிங்: 0’ என்று தனியாக எழுத வேண்டும். எல்ஐ ஒவ்வொன்றுக்கும் வலப்பக்க மார்ஜின் வைத்தால் கடைசி எல்ஐக்குப் பிறகும் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு, இந்த முறை மெனு இடப்பக்கம் சாயும். இடைவெளிக்கு ‘கேப்’ பயன்படுத்துங்கள். அது உறுப்புகளுக்கு நடுவில் மட்டுமே விழும்.

கைப்பேசியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மெனு திரையைவிட நீளமானால், சென்டர் அதை இருபுறமும் வழியவிடும். இடப்பக்கம் வழிந்த பகுதியை ஸ்க்ரோல் செய்தும் எட்ட முடியாது. முதல் இணைப்பே வாசகருக்குக் கிடைக்காமல் போவது சிறிய குறையல்ல. ‘ஃப்ளெக்ஸ்-ரேப்: ரேப்’ சேர்த்தால் மிஞ்சியவை அடுத்த வரிக்கு இறங்கும்.

இடப்பக்கம் லோகோ இருந்தால், மெனு மீதமுள்ள இடத்தின் நடுவில்தான் நிற்கும், பக்கத்தின் நடுவில் அல்ல. பக்கத்தின் நடுவுக்கே கொண்டுவர, இடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் ஏற்றது: பத்திகளை (நெடுவரிசைகளை) ‘1எஃப்ஆர் ஆட்டோ 1எஃப்ஆர்’ (எஃப்ஆர் என்பது மிஞ்சிய இடத்தில் ஒரு பங்கு) என்று பிரித்து, முதல் பத்தியில் லோகோவையும் இரண்டாவதில் மெனுவையும் வைத்து, மூன்றாவதைக் காலியாக விடுங்கள். குறுகிய திரையில் லோகோ தன் பங்கைவிட அகலமானால் இந்தச் சமநிலை குலையும். அங்கே லோகோவை மேல்வரிக்கு ஏற்றிவிடுங்கள்.