நீலகிரிக்குக் குடிவருகிறீர்களா? முதலில் இறங்கப் பழகுங்கள்

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எங்கள் ஊரில் வண்டி மேடு ஏற வேண்டும் என்றால் யாராவது ரயில்வே மேம்பாலம் கட்டினால்தான் உண்டு. அந்தத் தரையில் பதினெட்டு வருஷம் ஓட்டி, நடுவே சில காலம் சென்னை நெரிசலிலும் மாட்டி மீண்டு, 'நாம பார்க்காத ரோடா' என்ற நினைப்போடு கோத்தகிரிக்குக் குடிவந்தேன். மனைவிக்கு இங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை. எனக்கு எங்கே இருந்தாலும் லேப்டாப்தான். வந்த இரண்டாம் மாதமே அந்த நினைப்பு புகைந்துவிட்டது. உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே முன் சக்கரத்திலிருந்து புகை வந்தது.

அதற்கு முன்னால் பேப்பர் வேலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வீடு மாறிய 30 நாளுக்குள் ஆர்சியில் முகவரி மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதால் வண்டி நம்பர் மாறாது. ஊட்டி ஆர்டிஓவின் நம்பர் டிஎன் 43. உங்களுடையது டிஎன் 68 என்றால் கடைசிவரை டிஎன் 68தான், என்னுடையதைப் போல. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 வண்டிகளை விட்டுவிடுவார்கள், நம்மை நிறுத்துவார்கள். குடியிருப்பு ஆதாரத்தோடு முதல் வாரமே ஆர்டிஓ அலுவலகம் போய், உள்ளூர்வாசிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போதுகூட "டூரா சார்?" என்று கேட்பார்கள், எரிச்சலாக இருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை, அபராதம் உண்டு. ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள்.

சரி, புகைக்கு வருவோம்.

அம்மா ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் வருகிறாள், நான் போய் அழைத்து வர வேண்டும். இங்கே 'கீழே போயிருக்கார்' என்றால் மாடியிலிருந்து இறங்கியிருக்கிறார் என்று அர்த்தமில்லை, மேட்டுப்பாளையமோ கோவையோ போயிருக்கிறார். அப்படி நானும் முதன்முறையாகக் 'கீழே' கிளம்பினேன். மனைவி பக்கத்தில், மகள் பின்சீட்டில். ஏறி வந்தபோது வண்டி முக்கி முனகியதால் அதைத்தான் பெரிய சோதனை என்று நினைத்திருந்தேன். இறங்குவதில் என்ன இருக்கிறது? ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே வேண்டாம், பெட்ரோல் மிச்சம் என்று சந்தோஷமாக இருந்தது.

என் வண்டி ஏஎம்டி, அதாவது கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். லீவரை டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் நான்கு வருஷப் பழக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது சமதளத்தில் போகிறோம் என்று நினைத்து மூன்று, நான்கு என்று மேல் கியருக்கு ஏறிக்கொண்டது. இன்ஜின் வண்டியைப் பிடிக்கவே இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் முழு வேலையும் பிரேக்கின் தலையில். நானும் பயத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்து லேசாக அழுத்தியபடி வந்தேன். லேசாக அழுத்தினால் நல்லது என்று நினைப்போம் பாருங்கள், அதுதான் தப்பு. பிரேக் கட்டையான பேட், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை, சூடு ஆற நேரமே இல்லை.

வழியில் இருக்கும் அரவேனு தாண்டிக் கொஞ்ச தூரம். மகள் சொன்னாள், "அப்பா, ஏதோ கருகுது." யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் பிரேக் மிதித்தால் கால் மெத்தையில் அமுங்குவதுபோல உள்ளே போயிற்று. அதற்கடுத்த வளைவில் இன்னும் ஆழமாக. நல்லவேளை, அங்கே மலை ஓரமாகக் கொஞ்சம் அகலமான மண் இருந்தது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஒருவழியாக நிறுத்தினேன்.

உயிர் பிழைத்தோம். பணம் போனது அதற்கப்புறம்தான். இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து புகை. புகை வந்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? புத்தம்புது ஸ்டீல் பாட்டிலை எடுத்து இரண்டு பக்கமும் ஊற்றினேன். 'சுர்ர்' என்றது. பெரிய காரியம் செய்த நிம்மதி. பின்னால் தேயிலை மூட்டையோடு வந்த பிக்கப் ஒன்று நின்று, டிரைவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"சார், ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க! ஊத்திட்டீங்களா? சரி விடுங்க. எந்த கியர்ல வந்தீங்க?"

"ஆட்டோமேட்டிக்ண்ணா. அதுவே போட்டுக்கும்."

"அது போட்டுக்கும். அதுக்கு மலை தெரியுமா?"

நெருப்பாய்க் கிடக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி டிஸ்க் கோணிக்கொள்ளும். சில சமயம் கீறலே விழும். எனக்குக் கோணிவிட்டது. அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில் தடதடவென்று ஆடியது. இரண்டு டிஸ்க், பேட், பிரேக் ஆயில், வண்டியை இழுத்துக்கொண்டு போன செலவு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல். பேசாமல் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தால் செலவில் பாதி மிஞ்சியிருக்கும்.

மிச்சப் பாதிக்கு நான் மட்டும் பொறுப்பில்லை என்று இன்றும் வாதாடுவேன். குடிவருவதற்கு முன் வண்டியைச் சர்வீஸ் விட்டபோது, மலைக்குப் போகிறேன், பிரேக்கை நன்றாகப் பாருங்கள் என்று சொல்லித்தான் விட்டேன். பக்கா என்றார்கள். பேட் பக்காதான். பிரேக் ஆயிலை மட்டும் நான்கு வருஷமாக ஒருவரும் தொடவில்லை. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 140 டிகிரிதான். உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் நாம் அழுத்துவது குமிழியைத்தான், சக்கரத்தை அல்ல. கால் உள்ளே போன மர்மம் அவ்வளவுதான். குடிவரும் முன் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று மாற்றுகிறார்களா என்று பாருங்கள். சில நூறு ரூபாய் வேலை.

மனைவி அன்று இரவே கணக்குப் போட்டுக் காட்டினாள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆள் ஏறிய கார் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்றிலும் டயரிலும் போவது போக மீதி சூட்டில் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். "நிக்காம கடைசிவரை இறங்கியிருந்தா அத்தனையும் அந்த நாலு சக்கரத்துக்குள்ள போயிருக்கும்" என்றாள். கிளம்பும் முன் சொல்லியிருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. இந்தப் பக்கம் 1899 முதல் ஓடும் மலை ரயில்கூடக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்விப் பிடித்தபடிதான் இறங்குகிறது.

ஆகவே, இங்கே டிரைவர்கள் சொல்வது இதுதான்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. ஏஎம்டி என்றால் லீவரை எம் பக்கம், அதாவது கியரை நாமே மாற்றும் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வையுங்கள், செங்குத்தான இடத்தில் ஒன்று. மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் எல் என்றோ 2 என்றோ எஸ் என்றோ ஏதாவது ஒன்று இருக்கும். ஷோரூமில் சாவி கொடுக்கும்போது கேக் வெட்டி போட்டோ எடுப்பார்களே தவிர இதைச் சொல்ல மாட்டார்கள். இன்ஜின் உறுமும், பயப்படாதீர்கள், அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்திருக்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு காலை முழுசாக எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் இறங்குவதும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் வேண்டவே வேண்டாம். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும். உள்ளூர்ப் பையன்கள் பைக்கை ஆஃப் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்குவார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். கருகல் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீரைக் குடியுங்கள்.

அப்புறம் ரோட்டு மரியாதை. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. கீழே யார் மூக்கு முதலில் நுழைகிறதோ அவருக்கு வழி, அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கொண்டை ஊசி வளைவில் அரசு பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவை. மேலே ஹாரன் கேட்டால் வளைவுக்கு நன்றாக முன்பே நின்றுவிடுங்கள். வளைவின் வாயிலேயே போய் நின்றீர்கள் என்றால் பஸ் திரும்ப முடியாது, உங்களாலும் பின்னால் போக முடியாது, கண்டக்டர் இறங்கி வருவார். அவர் ஒன்றும் திட்ட மாட்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைப்பார், அது போதும். எனக்கு நடந்திருக்கிறது.

சரிவில் நிறுத்தும்போது கியரில் விட்டு, முன் சக்கரத்தை மலைப் பக்கம் திருப்பி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பெரும்பாலான ஏஎம்டியில் பி என்ற பார்க்கிங் நிலையே கிடையாது என்பது ஞாபகம் இருக்கட்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். இரவில் பனிமூட்டத்தில் பைக்கில் வருபவனுக்கு அந்தக் கல் எமன். இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மேல் இருக்கும் கோபத்தில் பாதி, நாம் விட்டுப்போன கற்களால் வந்தது என்றே நினைக்கிறேன்.

பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலையில் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். அதன்மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். எங்கேயாவது எதையாவது ஊற்றத் தோன்றினால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பலா பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கமும் கல்லாறு, பர்லியார் பக்கமும் யானை ரோட்டுக்கு வரும். ஹாரன் அடிக்காமல், லைட்டை அடித்துக் காட்டாமல் தள்ளி நின்று காத்திருங்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நிற்கும். முதல் மாதம் போட்டோ எடுப்பீர்கள், மூன்றாம் மாதம் வாசலில் நின்றால் ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பீர்கள்.

மசினகுடிக்குக் கூகுள் மேப் கல்லட்டி வழியைத்தான் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஊட்டியிலிருந்து அதில் இறங்க உள்ளூர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. டிஎன் 68-ஐத் திருப்பி அனுப்புவார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் என் நம்பர் பிளேட்டுக்கு நன்றி. கூடலூர் தாண்டி மைசூரு போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் காடு மூடியிருக்கும் என்று நினைவில் வையுங்கள்.

மே மாத சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுபவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவர்களைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கி விடுவார்கள். ஆக, மொத்த டூரிஸ்ட் கூட்டமும் எங்கள் ரோட்டில்தான் இறங்கும். சாயங்காலம் அரவேனுப் பக்கம் நின்றால் தேயிலை வாசனைக்கு மேலே பிரேக் வாசனை அடிக்கும். போன சீசனில் சென்னை வண்டி ஒன்று ஓரமாகப் புகைந்துகொண்டு நிற்க, ஒருவர் பாட்டில் மூடியைத் திருகுவதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திக் கத்திக்கொண்டே ஓடினேன். டிஎன் 68 என்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க லோக்கலா சார்?" என்று சந்தேகமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. முதல் இரண்டு மூன்று தடவை இறங்கும்போது இங்கேயே ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூட்டிக்கொண்டு, நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் காலைப் பாருங்கள். கையை அல்ல, காலை. பிரேக்கில் அது எவ்வளவு கொஞ்ச நேரம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வித்தை வந்துவிடும். ஒருநாள் கூலி 11,000 ரூபாய் ஆகாது.

அம்மா அன்று மூன்று மணி நேரம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளே விசாரித்துக் கோத்தகிரி பஸ் ஏறி எங்களுக்கு முன்னால் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போதும் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாள். நான் கீழே வந்து அழைத்து வருகிறேன் என்றால், "நீ மேலயே இருப்பா, பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்குது" என்கிறாள்.